பெண்களால் ஒன்று சேரவே முடியாது என்றார்கள்... 1893-ல் தொடங்கிய பெண்கள் கோல்ஃப் சங்கம் சாதித்தது எப்படி?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. அதுவரை கோல்ஃப் பக்கமே போகாத பல லட்சம் இந்தியர்கள் அன்று செல்போனில் கோல்ஃப் ஸ்கோர் பார்த்துக் கொண்டிருந்தார்கள். காரணம், டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவைச் சேர்ந்த 23 வயது அதிதி அசோக் பதக்கத்துக்கு மிக அருகில் இருந்தார். உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர், கடைசியில் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-வது இடம் பிடித்தார்.

அன்று பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்தப் போட்டி நடந்தது ஜப்பானின் கசுமிகசேகி கன்ட்ரி கிளப்பில். 2017 வரை அந்த கிளப்பில் பெண்கள் முழு உறுப்பினர் ஆகவே முடியாது. ஒலிம்பிக் நடத்த வேண்டுமென்றால் விதியை மாற்றுங்கள் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அழுத்தம் கொடுத்த பிறகுதான் கிளப் இறங்கி வந்தது. அதாவது, அதிதி விளையாடிய மைதானத்தின் கதவு பெண்களுக்கு முழுசாகத் திறந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

கோல்ஃபில் இந்தக் கதவு திறக்கும் வேலை எப்போது ஆரம்பித்தது? அதற்கு 1893-ம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து பகுதிகளைச் சேர்ந்த பெண்கள் சேர்ந்து தொடங்கிய 'லேடீஸ் கோல்ஃப் யூனியன்' என்ற சங்கத்தின் கதை அது. சுருக்கமாக எல்ஜியு.

அதற்கு முன் பெண்கள் கோல்ஃப் ஆடவே இல்லையா?

ஆடினார்கள். ஸ்காட்லாந்தின் மஸ்ஸல்பரோ என்ற கடலோர ஊரில் 1811-லேயே மீன் விற்கும் பெண்களுக்கு கோல்ஃப் போட்டி அறிவிக்கப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது. ஜெயிப்பவருக்குப் பரிசு, புது மீன் கூடை!

ஆனால் வசதியான குடும்பத்துப் பெண்களுக்கு நிலைமை வேறு. 1867-ல் கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெண்களுக்கென ஒரு கிளப் தொடங்கப்பட்டது. அங்கே அவர்கள் செய்யக்கூடியது 'பட்டிங்' மட்டும்தான். அதாவது, பந்தைத் தரையோடு மெதுவாகத் தட்டிக் குழியில் போடுவது. கையைத் தோளுக்கு மேல் தூக்கி, உடம்பை வளைத்து ஓங்கி அடிப்பது 'பெண்ணுக்கு அழகல்ல' என்பது அந்தக் காலத்து எண்ணம்.

1890-ல் வெளியான, அந்தக் காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட ஒரு கோல்ஃப் புத்தகத்தில் லார்ட் வெல்வுட் என்ற பிரபு இதை வெளிப்படையாகவே எழுதினார். பெண்கள் 70, 80 கெஜத்துக்கு மேல் பந்தை அடிக்க வேண்டாம் என்பது அவருடைய கருத்து. பலம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் உடுத்தும் உடையில் அப்படி முழு வீச்சாக அடித்தால் பார்க்க நன்றாக இருக்காது என்றார்.

அந்த உடை எப்படிப்பட்டது? தரையைத் தொடும் பாவாடை, இடுப்பை இறுக்கும் கோர்செட், கழுத்தை அசைக்க முடியாத கஞ்சி போட்ட காலர், ஊசி குத்திய தொப்பி. கடற்காற்றில் பாவாடை பறந்து பந்தை மறைக்கும். அதற்காகவே ஒரு எலாஸ்டிக் வளையம் வந்தது. அடிப்பதற்கு முன் அதை முழங்காலுக்கு இறக்கிப் பாவாடையைப் பிடித்துக் கொள்வார்கள், அடித்து முடித்ததும் மேலே ஏற்றிவிட்டு நடப்பார்கள்.

இந்த நிலையில்தான் 1893-ல் சிலருக்கு அந்த யோசனை வந்தது: எல்லா ஊர் பெண்கள் கிளப்புகளையும் ஒரே சங்கமாகச் சேர்த்தால் என்ன?

'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்ற கடிதம்

லண்டன் அருகே விம்பிள்டனில் பெண்கள் கோல்ஃப் கிளப் ஒன்று துடிப்பாக இயங்கி வந்தது. அங்கே விளையாடிய இசெட் பியர்சன், பிளாஞ்ச் மார்ட்டின் என்ற இரண்டு பெண்கள்தான் சங்கத்துக்கான முதல் வேலைகளைத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றவர் டாக்டர் லெய்ட்லா பர்வ்ஸ். காது மருத்துவ நிபுணரான இவர், சாண்ட்விச் ஊரில் இருக்கும் புகழ்பெற்ற ராயல் செயின்ட் ஜார்ஜஸ் கோல்ஃப் கிளப்பை உருவாக்கியவர்.

யோசனை சரியா என்று கேட்க, அந்தக் காலத்தின் பெரிய கோல்ஃப் புள்ளியான ஹொரேஸ் ஹட்சின்சனின் கருத்தை நாடினார்கள். 1886, 1887 என இரண்டு முறை பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர் அவர். லார்ட் வெல்வுட் எழுதிய அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவரும் இவர்தான்.

பிளாஞ்ச் மார்ட்டினுக்கு அவர் எழுதிய பதில் கோல்ஃப் வரலாற்றில் ரொம்பப் பிரபலம். அதன் சாரம் இதுதான்:

- பெண்கள் ஒன்று சேர்ந்து எந்தத் திட்டத்தையும் வெற்றிகரமாக முடித்ததில்லை, முடிக்கவும் மாட்டார்கள்.
- தொடங்கிய வேகத்தில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடும்.
- கோல்ஃபுக்குத் தேவையான உடல் வலிமை அவர்களிடம் இல்லை.
- முதல் சாம்பியன்ஷிப் போட்டியே கடைசிப் போட்டியாகவும் இருக்கும்.

கடிதம் வந்த பிறகும் வேலை நிற்கவில்லை. 1893 ஏப்ரல் 19 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருந்த கிராண்ட் ஹோட்டலில் கூட்டம் நடந்தது. பல ஊர் கிளப்புகளின் பிரதிநிதிகள் வந்தார்கள். லேடீஸ் கோல்ஃப் யூனியன் பிறந்தது. இசெட் பியர்சன் செயலாளர், பிளாஞ்ச் மார்ட்டின் பொருளாளர்.

சங்கம் எடுத்துக்கொண்ட வேலை என்ன?

பெண்களுக்கு சமஉரிமை வேண்டும் என்று சங்கம் பெரிய அறிக்கை எதுவும் வெளியிடவில்லை. எடுத்துக்கொண்ட வேலைகள் பார்க்க சாதாரணமாகத்தான் இருந்தன. எல்லாக் கிளப்பும் ஒரே விதியின்படி ஆட வேண்டும். கிளப்புகளுக்குள் தகராறு வந்தால் சங்கம் தீர்த்து வைக்கும். வருடத்துக்கு ஒரு சாம்பியன்ஷிப் நடக்கும். எந்த ஊர் வீராங்கனையையும் எந்த ஊர் வீராங்கனையோடும் ஒப்பிடக்கூடிய ஒரே மாதிரி 'ஹேண்டிகேப்' முறை வரும்.

இதில் மூன்றாவது விஷயம் பேப்பரில் வந்தது. நான்காவது விஷயம் விளையாட்டையே மாற்றியது.

இரண்டே மாதத்தில் முதல் போட்டி

சங்கம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1893 ஜூனில் இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் உள்ள லிதம் செயின்ட் ஆன்ஸில் முதல் பிரிட்டிஷ் லேடீஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. 38 பேர் பெயர் கொடுத்தார்கள்.

இறுதிப் போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் செயலாளர் இசெட் பியர்சன். இன்னொருவர் லேடி மார்கரெட் ஸ்காட். எல்டன் பிரபுவின் மகள், நன்றாக கோல்ஃப் ஆடும் அண்ணன் தம்பிகளோடு ஆடி வளர்ந்தவர். அவர் தோளுக்கு மேல் கையை ஓங்கி, முழு வீச்சில்தான் அடித்தார்!

முடிவு: 7 & 5. அதாவது, இன்னும் 5 குழிகள் மீதமிருக்கும்போதே லேடி மார்கரெட் 7 குழிகள் முன்னிலை. இனி ஆடி என்ன பயன் என்று ஆட்டம் அங்கேயே முடிந்தது.

1894-ல் லிட்டில்ஸ்டோனில் மறுபடியும் அதே இருவர் ஃபைனலில். மறுபடியும் லேடி மார்கரெட்டுக்கே வெற்றி. 1895-ல் போட்டி அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்துக்குப் போனது. அங்கேயும் அவரே ஜெயித்தார். தொடர்ந்து மூன்று பட்டங்களோடு சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகிக் கொண்டார்.

முதல் போட்டியே கடைசிப் போட்டி என்றார் ஹட்சின்சன். மூன்றாவது ஆண்டிலேயே போட்டி கடல் தாண்டிவிட்டது.

தோற்றவர் சாதித்தது என்ன?

இரண்டு ஃபைனலில் தோற்ற இசெட் பியர்சன்தான் இந்தக் கதையின் முக்கியமான ஆள். 1921 வரை, அதாவது 28 வருஷம், சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அவர். அவருடைய பெரிய சாதனை ஹேண்டிகேப் முறை.

ஹேண்டிகேப்னா என்ன? தெருவில் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் வைக்கும்போது சின்னப் பையனைப் பத்தடி முன்னால் நிற்க வைப்பார்கள் இல்லையா, அதேதான். கோல்ஃபில் குறைந்த அடியில் எல்லாக் குழியையும் முடிப்பவர்தான் ஜெயிப்பார். புதிதாக ஆடுபவருக்கு சில அடிகள் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிதான் ஹேண்டிகேப்.

ஒரு உதாரணம்:

- முதல் வீராங்கனை 90 அடியில் முடிக்கிறார். அவருடைய ஹேண்டிகேப் 18. கழித்தால் 72.
- இரண்டாவது வீராங்கனை 100 அடியில் முடிக்கிறார். அவருடைய ஹேண்டிகேப் 30. கழித்தால் 70.
- வெற்றி இரண்டாவது வீராங்கனைக்கு!

கேட்க எளிது. ஆனால் அந்த 18, 30 என்ற எண்ணை யார் முடிவு செய்வது? ஆண்கள் கிளப்புகளில் அப்போது அந்தந்தக் கமிட்டி உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்டுக் கொடுக்கும். ஒரு ஊரில் 10 என்று சொல்லப்படுபவர் அடுத்த ஊருக்குப் போனால் 16 ஆகத் தெரியலாம். எளிதான மைதானத்தில் ஆடுபவருக்கும் கஷ்டமான மைதானத்தில் ஆடுபவருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது.

பியர்சனும் சங்கத்தினரும் இதைத் தலைகீழாகப் போட்டார்கள். முதலில் ஒவ்வொரு மைதானத்தையும் மதிப்பிடுவது. ஒரு தேர்ந்த வீராங்கனை அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்று ஓர் அடிப்படை எண் வைப்பது. பிறகு ஒவ்வொருவரும் ஆடிய சிறந்த ஸ்கோர்களை அந்த எண்ணோடு ஒப்பிட்டு ஹேண்டிகேப் கணக்கிடுவது. கிளப்புகள் சரியாகச் செய்கின்றனவா என்று மேலிருந்து கண்காணிப்பது.

இதன் பலன் என்ன தெரியுமா? ஸ்காட்லாந்தின் சின்ன ஊரில் ஆடும் ஒரு பெண், லண்டனுக்கு வந்தால் தன் எண்ணைச் சொன்னாலே போதும். 'இவர் யார், எப்படி ஆடுவார்' என்று யாரும் யோசிக்க வேண்டாம். யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற அறிமுகமும் வேண்டாம். அவர் அடித்த ஸ்கோரே அவருக்கு அறிமுகம்.

பிரிட்டனில் ஆண்களின் கிளப்புகளுக்குப் பொதுவான ஹேண்டிகேப் ஏற்பாடு வந்தது 1920-களின் நடுவில்தான். 'சண்டை போட்டுப் பிரிந்துவிடுவார்கள்' என்று சொல்லப்பட்டவர்கள், கணக்கு வழக்கில் ஆண்களை விடப் பல வருஷம் முன்னால் இருந்தார்கள்.

ஒரு பெண்ணும் ஒரு சாம்பியனும் மோதிய ஆட்டம்

ஹேண்டிகேப் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1910-ல் நாடே பார்த்தது. 19 வயது சிசில் லீட்ச் என்ற வீராங்கனைக்கும் ஹரால்ட் ஹில்டனுக்கும் ஒரு போட்டி. ஹில்டன் சாதாரண ஆள் இல்லை. 1892, 1897 ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றவர்.

வால்டன் ஹீத், சன்னிங்டேல் என இரண்டு மைதானங்களில் மொத்தம் 72 குழிகள். இரண்டு குழிக்கு ஒரு ஸ்ட்ரோக் வீதம் லீட்சுக்கு சலுகை. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராட்டம் சூடாக நடந்த காலம். ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் திரண்டது.

71-வது குழியில் முடிவு தெரிந்தது. 2 & 1 என்ற கணக்கில் லீட்ச் வெற்றி!

சலுகை வாங்கித்தானே ஜெயித்தார் என்று கேட்கலாம். விஷயமே அதுதான். ஆணும் பெண்ணும் ஒரே மைதானத்தில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட கணக்கோடு, நேர்மையாக மோத முடியும் என்பது அன்று நிரூபணமானது. லீட்ச் அதோடு நிற்கவில்லை. 1914 முதல் 1926 வரை நான்கு முறை பிரிட்டிஷ் லேடீஸ் சாம்பியன் ஆனார்.

சங்கம் வளர்ந்தது எப்படி?

வளர்ச்சியின் ரகசியம், எல்லாவற்றையும் லண்டனிலேயே வைத்துக் கொள்ளாததுதான். ஒவ்வொரு பகுதிக்கும் தனி அமைப்பு வந்தது.

- அயர்லாந்து: 1893-லேயே ஐரிஷ் லேடீஸ் கோல்ஃப் யூனியன் தொடங்கியது. அங்கிருந்து வந்த மே ஹெஸ்லெட் 1899-ல் 17 வயதில் பிரிட்டிஷ் பட்டம் வென்றார். 1907 ஃபைனலில் அவர் தோற்கடித்தது சொந்தத் தங்கை ஃபுளோரன்ஸை!
- ஸ்காட்லாந்து, வேல்ஸ்: இரண்டிலும் 1904-ல் சங்கங்கள் வந்தன.
- இங்கிலாந்து: 1952-ல் தனி அமைப்பு உருவானது. அதுவரை அந்த வேலையை எல்ஜியு தானே பார்த்தது.

1908-ல் பிரிட்டிஷ் லேடீஸ் சாம்பியன்ஷிப் முதல்முறையாக செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸில் நடந்தது. 40 வருஷம் முன்பு பெண்கள் பட்டிங் மட்டும் ஆட அனுமதிக்கப்பட்ட அதே ஊர். இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, அதே 1908-ல்தான் அந்த ஊரின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்குக் கேப்டன் ஆனார் ஹொரேஸ் ஹட்சின்சன்.

1932-ல் அடுத்த பாய்ச்சல். அமெரிக்கப் பெண்கள் அணியும் பிரிட்டன்-அயர்லாந்து பெண்கள் அணியும் மோதும் கர்டிஸ் கோப்பை தொடங்கியது. கோப்பையைக் கொடுத்தவர்கள் ஹேரியட், மார்கரெட் என்ற அமெரிக்க சகோதரிகள். முதல் போட்டி இங்கிலாந்தின் வென்ட்வொர்த்தில் நடந்தது, அமெரிக்கா ஜெயித்தது. இந்தப் போட்டி இன்றும் நடக்கிறது.

சங்கம் சறுக்கிய இடங்கள்

எல்லாம் வெற்றிக் கதை இல்லை. பெண்கள் மீது போடப்பட்ட கட்டுப்பாட்டை உடைக்கப் பிறந்த சங்கம், சில சமயம் தானே கட்டுப்பாடு போட்டது.

1933-ல் வெஸ்ட்வர்ட் ஹோ மைதானத்தில் நடந்த இங்கிலீஷ் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் குளோரியா மினோப்ரியோ என்பவர் பேன்ட் போட்டுக் கொண்டு வந்தார். கையில் ஒரே ஒரு கோல்ஃப் மட்டை. எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். மரபான உடையை மீறியது வருந்தத்தக்கது என்று சங்கமே சொன்னது. 40 வருஷம் முன்பு பாவாடையைக் காரணம் காட்டித்தான் பெண்களை ஓங்கி அடிக்கக் கூடாது என்றார்கள். இப்போது அந்தப் பாவாடையைக் கழற்றக் கூடாது என்றது பெண்கள் சங்கம்!

இன்னொன்று பணம். அந்தக் காலத்தில் கோல்ஃப் ஆட நேரமும் வசதியும் வேண்டும். சம்பாதிப்பதற்காக ஆடுபவர்களுக்குச் சங்கத்தின் போட்டிகளில் இடமில்லை, அமெச்சூர்கள் மட்டும்தான். நான்கு முறை பிரிட்டிஷ் சாம்பியனான ஜாய்ஸ் வெதரெட், ஒரு கடையின் கோல்ஃப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததால் அமெச்சூர் தகுதியை இழந்தார். அவரைப் போலப் பந்தை அடிக்கும் ஆணையோ பெண்ணையோ பார்த்ததில்லை என்று பாபி ஜோன்ஸே பாராட்டிய வீராங்கனை அவர்.

மூன்றாவது, கிளப்புக்குள் நிலைமை. தேசிய அளவில் சங்கம் போட்டி நடத்தும், விதி வகுக்கும். ஆனால் ஊர் கிளப்பில் அதே பெண் பல இடங்களில் 'அசோசியேட் மெம்பர்' மட்டும்தான். ஓட்டு இல்லை, சனிக்கிழமை காலை ஆட இடமில்லை. ஆண்-பெண் இருவரும் உள்ள கிளப்புகளில் இப்படிப் பாகுபாடு காட்டுவதற்கு பிரிட்டனில் முற்றுப்புள்ளி வைத்தது 2010-ம் ஆண்டு சமத்துவச் சட்டம். ஆண்கள் மட்டுமே உள்ள கிளப்புகளை அந்தச் சட்டமும் தொடவில்லை.

பணம் வந்த கதை

1976-ல் சங்கம் தன் போக்கை மாற்றியது. தொழில்முறை வீராங்கனைகளும் ஆடக்கூடிய பெண்கள் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை ஃபுல்ஃபோர்டில் தொடங்கியது. முதல் போட்டியில் ஜெயித்தது ஜென்னி லீ ஸ்மித் என்ற அமெச்சூர்!

அடுத்த ஆண்டு ஜெயித்த விவியன் சாண்டர்ஸ், 1978-ல் பெண் தொழில்முறை வீராங்கனைகளுக்கென ஒரு சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். இன்று அது லேடீஸ் யூரோப்பியன் டூர். அதிதி அசோக், டிக்‌ஷா டாகர் போன்ற இந்திய வீராங்கனைகள் பட்டம் வென்றதும் இந்த டூரில்தான். 2016-ல் குருகிராமில் நடந்த இந்தியன் ஓப்பனை அதிதி வென்றார். செவித்திறன் குறைபாடுள்ள டிக்‌ஷா 2019-ல் தென்னாப்பிரிக்க ஓப்பனை வென்றார்.

ஆனால் பிரிட்டிஷ் ஓப்பனின் ஆரம்ப வருஷங்கள் சுலபமாக இல்லை. 1983-ல் போட்டியே நடக்கவில்லை. சங்கம் விடாமல் மறுபடி ஆரம்பித்தது. 2001-ல் அது பெண்கள் கோல்ஃபின் 'மேஜர்' போட்டிகளில் ஒன்றாக உயர்ந்தது. 2007-ல் முதல்முறையாக ஓல்ட் கோர்ஸில் நடந்தபோது மெக்சிகோவின் லோரேனா ஒச்சோவா வென்றார். பெண்கள் உறுப்பினராக முடியாத அந்த கிளப்பின் கட்டடம் அந்த வாரம் வீராங்கனைகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

2014: கதவு திறந்த நாள்

2014 செப்டம்பர் 18. செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 85 சதவீதம் பேர் சொன்னார்கள். 1754-ல் தொடங்கிய கிளப், 260 வருஷத்துக்குப் பிறகு கதவைத் திறந்தது.

இத்தனைக்கும் எல்ஜியு-வின் தலைமை அலுவலகம் இருந்ததும் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில்தான். பெண்கள் கோல்ஃபை நிர்வகித்த அலுவலகமும், பெண்களைச் சேர்க்காத கிளப்பும் ஒரே ஊரில் இருந்தன.

எல்லாரும் உடனே மாறவில்லை. 2016-ல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் கிளப்பில் ஓட்டெடுப்பு நடந்தபோது 64 சதவீதம் பேர்தான் பெண்களுக்கு ஆதரவு. தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் தோற்றது. உடனே, இனி ஓப்பன் போட்டி அங்கே நடக்காது என்று ஆர் அண்ட் ஏ அமைப்பு அறிவித்தது. அடுத்த ஆண்டே மறுபடி ஓட்டெடுப்பு. இந்த முறை 80 சதவீதம் ஆதரவு!

இப்போது அந்தச் சங்கம் எங்கே?

இதுதான் கதையின் கடைசித் திருப்பம். எல்ஜியு இப்போது தனி அமைப்பாக இல்லை.

2017 ஜனவரி 1 அன்று அது ஆர் அண்ட் ஏ அமைப்போடு இணைந்தது. இந்த ஆர் அண்ட் ஏ என்பது, செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்பிலிருந்து 2004-ல் பிரித்து உருவாக்கப்பட்ட நிர்வாக அமைப்பு. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தோடு சேர்ந்து உலகம் முழுக்க கோல்ஃப் விதிகளை வகுப்பது இதுதான்.

பகுதிச் சங்கங்களும் இதே பாதையில் போயின. வேல்ஸில் 2007, இங்கிலாந்தில் 2012, ஸ்காட்லாந்தில் 2015, அயர்லாந்தில் 2021 என்று ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் ஒன்றாகின. 2020 முதல் உலக ஹேண்டிகேப் முறை என்ற ஒரே கணக்கு, ஆண் பெண் எல்லோருக்கும் நடைமுறைக்கு வந்தது. மைதானத்தை முதலில் மதிப்பிடு, பிறகு ஆளின் ஸ்கோரை அதோடு ஒப்பிடு என்பதுதான் இதற்கும் அடிப்படை.

இணைந்தது லாபமா, நஷ்டமா?

இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது.

லாபம் என்று சொல்பவர்கள் காட்டுவது பணத்தை. பெண்கள் ஓப்பனின் மொத்தப் பரிசுத் தொகை 2021-ல் 58 லட்சம் டாலர். 2024-ல் அது 95 லட்சம் டாலர். 2020-ல் போட்டியின் பெயரிலிருந்து 'பிரிட்டிஷ்' என்ற சொல் நீக்கப்பட்டது. ஆண்கள் போட்டி 'தி ஓப்பன்' என்றால் இது 'விமன்ஸ் ஓப்பன்'. 2022-ல் போட்டி நடந்த இடம் எது தெரியுமா? பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்று ஆறு வருஷம் முன்பு ஓட்டுப் போட்ட அதே மியூர்ஃபீல்ட்.

நஷ்டம் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024-ல் ஆண்கள் ஓப்பனின் மொத்தப் பரிசு 1 கோடியே 70 லட்சம் டாலர். பெண்கள் போட்டியை விட முக்கால் பங்குக்கும் மேல் அதிகம். ஒரே அமைப்பு நடத்தும் இரண்டு போட்டிகளில்தான் இந்த இடைவெளி. எல்ஜியு இருந்தவரை தலைவர், செயலாளர், விதி வகுப்பவர், மைதானத்தை மதிப்பிடுபவர் எல்லாரும் பெண்கள். ஒரே அமைப்பான பிறகு அந்த நாற்காலிகளில் எத்தனை பெண்கள் உட்காருகிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் இந்தியாவுக்கு என்ன பாடம்?

இந்தியாவில் பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் டூரை விமன்ஸ் கோல்ஃப் அசோசியேஷன் ஆஃப் இந்தியா நடத்துகிறது. அதிதியைப் பார்த்து மட்டையைத் தூக்கும் சிறுமிகள் ஏறும் படிக்கட்டு அது.

ஒரு நட்சத்திரம் வந்தால் ஒரு வாரம் நாடு முழுக்கப் பேசும். ஆனால் அடுத்த நட்சத்திரம் வர, ஒவ்வொரு ஊரிலும் ஸ்கோரை எழுதி வைக்க ஒருவர் வேண்டும். போட்டிக்குத் தேதி குறிக்க, தகராறு வந்தால் தீர்க்க, ஸ்பான்சர் வராத வருஷத்திலும் கடையைப் பூட்டாமல் இருக்க ஒரு சங்கம் வேண்டும். லேடி மார்கரெட் ஸ்காட் மூன்று வருஷம் ஜெயித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் இரண்டு முறை தோற்ற இசெட் பியர்சன் 28 வருஷம் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் போட்டியே கடைசிப் போட்டி என்று சொல்லப்பட்ட அந்த பிரிட்டிஷ் லேடீஸ் சாம்பியன்ஷிப், இன்று பெண்கள் அமெச்சூர் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் இப்போதும் நடந்து கொண்டுதான் இருக்கிறது.